எந்நூலைக் கற்பது? உபதேச ரத்தினமாலை காட்டும் நெறியும் இன்றைய நூற்பட்டியல்களும்



மணவாள மாமுனிகள் அருளிச்செய்த உபதேச ரத்தினமாலையை ஆழ்வார்களின் திருநக்ஷத்திரங்களையும் அவதாரத் தலங்களையும் நெஞ்சில் நிறுத்திக்கொள்வதற்கான பிரபந்தமாகவே நாம் பெரும்பாலும் அநுஸந்தித்து வருகிறோம். திருக்கார்த்திகைக்குப் பின் அத்யயன உத்ஸவம் வரையிலான அநத்யயன காலத்தில், காவிரிக்கரை வயல்களில் சம்பாப் பயிர் நிற்கும் நாட்களில், தென்கலை ஸந்நிதிகளில் திவ்யப்ரபந்தம் மௌனம் காக்க, இப்பிரபந்தமே ஒலிக்கிறது; வடகலை ஸந்நிதிகளில் தேசிக ப்ரபந்தம் அவ்விடத்தைப் பெறுகிறது. சிறு வயதிலேயே நாவில் ஏறிவிடுவதால் இதன் நடுப்பகுதியை நின்று நோக்குவோர் சிலரே. அப்பகுதி ஒரு நூற்பரிந்துரை. எந்த நூலைக் கற்க வேண்டும், அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அது எவர் கைவழியாக நம்மிடம் வந்தது என்பனவற்றை ஓர் ஆசார்யர் தமக்குப் பின்வருவோருக்கு எடுத்துரைக்கும் பகுதி அது.

தத்துவம், சமயம், கலை ஆகிய துறைகளில் படிக்கத்தக்க நூல்கள் இவை என்று பட்டியலிடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. உத்ஸவ மலர்களின் பின்பக்கங்களிலும் புத்தகக் கண்காட்சிக் கையேடுகளிலும் இவை வருகின்றன. இவற்றை எள்ளி ஒதுக்குவது அடியேன் நோக்கமன்று. தஞ்சை, குடந்தை, நாகை வட்டாரத்துத் திவ்யதேசங்கள் பலவற்றில் பாசுரம் சேவிப்போர் தொகை சுருங்கிவிட்டது. காலக்ஷேபம் சொல்லும் ஸ்வாமிகளை நாடி ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருக்கிறது. இந்நிலையில் படிக்க விரும்பும் இளைஞர் ஒருவருக்கு முதலில் கிடைக்கும் ஆசார்யன் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். ஆகவே அப்பட்டியல் எத்தகையது என்பது அற்பமான கேள்வி அன்று.

மாமுனிகள் பட்டியலிடும் முறையைக் காண்போம். திருவாய்மொழிக்கு ஐந்து வ்யாக்யானங்கள். திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை காலக்ஷேபத்தில் சொன்னவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படியான ஈடு, வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி. 32 எழுத்து கொண்டது ஒரு க்ரந்தம் என்ற கணக்கில் அமைந்தவை இப்பெயர்கள். ஆறாயிரப்படி ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் அளவு என்றும், இருபத்துநாலாயிரப்படி ஸ்ரீராமாயணத்தின் அளவு என்றும் பெரியோர் கூறுவர். அளவில் பெரியதே சிறந்தது என்று மாமுனிகள் தரம் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த காரணத்தைச் சொல்கிறார். ஒருவர் அன்பினால் செய்தார், ஒருவர் தம் ஆசார்யன் நியமனத்தால் செய்தார், ஒருவர் பின்வருவோர் தாமே கற்றுப் பிறர்க்கும் சொல்லத்தக்க வகையில் செய்தார் என்று பிரித்துக் காட்டுகிறார். ஈட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒருபடி மேலே சென்று, அது நம்பிள்ளையிடமிருந்து ஈயுண்ணி மாதவருக்குக் கிடைத்து, அவர் வழியில் வந்தவர் மூலம் பரவிய வரலாற்றையும் தனியே பாடுகிறார்.

ஒரு நூலைப் பரிந்துரைக்கையில் அது கைமாறி வந்த தொடரை ஏன் பாட வேண்டும்? இக்கேள்விக்கு விடை நம் காவிரிக்கரை வரலாற்றிலேயே கிடைக்கிறது.

நாதமுனிகளிலிருந்து தொடங்கலாம். வீரநாராயணபுரத்தில், இன்றைய காட்டுமன்னார்கோயிலில், மன்னனார் ஸந்நிதியில் யாத்ரிகர் சிலர் குடந்தை ஆராவமுதன்மீது அமைந்த திருவாய்மொழியைச் சேவித்தனர். அதன் பலச்ருதியில் அது ஆயிரம் பாசுரங்களில் ஒரு பத்து என்ற குறிப்பு இருப்பதை நாதமுனிகள் செவிமடுத்தார். மற்றவை எங்கே என்று வினவினார், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு அவர் குருகூர் சென்று, பராங்குச தாஸர் சொன்னபடி கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை. இங்கே யாரும் அவருக்கு நூலைப் பரிந்துரைக்கவில்லை. பத்துப் பாசுரங்கள் தாமே தம் முழுமையைத் தேடிச் செல்லுமாறு அவரைத் தூண்டின. நம் ஸம்ப்ரதாயத்தின் முதல் நூல்தேடல் குடந்தைப் பெருமாளை முன்னிட்டு நிகழ்ந்தது என்பதில் இப்பகுதியினர் பெருமிதம் கொள்ளலாம்.

அடுத்தது ஆற்றில் போன ஏடு. நஞ்சீயர் தாம் இயற்றிய ஒன்பதினாயிரப்படியை நல்ல எழுத்தில் பட்டோலைப்படுத்த நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு ஊர் செல்லக் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் மிகுந்து, தலையில் கட்டியிருந்த ஓலைக்கட்டு நீரில் போயிற்று. அவர் மனம் தளராமல், ஆசார்யன் திருவாயால் கேட்டிருந்ததைக்கொண்டு முழுவதையும் எழுதி முடித்தார். எழுதும்போது சில இடங்களில் தம் நெஞ்சில் தோன்றிய அர்த்தவிசேஷங்களும் சேர்ந்தன. அவற்றைக் கண்ட நஞ்சீயர் காரணம் கேட்டறிந்து, கடிந்துகொள்ளாமல் அணைத்துக்கொண்டு, நம்முடைய பிள்ளை என்று கொண்டாடினார். அன்றுமுதல் அவர் நம்பிள்ளை. ஆக, இன்று ஒன்பதினாயிரப்படி என்று நாம் கையில் ஏந்துவது காவிரி கொண்டுபோன ஏட்டுக்குப் பின் செவிச்செல்வத்திலிருந்து எழுந்த ஏடு. நூல் அழிந்தாலும் கேள்வி இருந்தால் நூல் மீளும். கேள்வி அற்றுப்போனால் இருக்கும் நூலும் ஊமையாகும்.

பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தின் கதையும் இதற்கு இணையானது. பெரியவாச்சான் பிள்ளையின் உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மாமுனிகள் இழந்த பகுதிக்குத் தாமே உரை அருளினார். எந்தச் சொல்லிலிருந்து பெரியவாச்சான் பிள்ளையின் திருவாக்கு மீண்டும் கிடைக்கிறதோ அந்தச் சொல்லில் தம் உரையை நிறுத்திக்கொண்டார். கிடைத்த பகுதிக்கும் சேர்த்துப் புத்துரை எழுதும் வல்லமை அவருக்கு இல்லாமலில்லை. முன்னோர் வாக்கு ஒரு சொல்லளவேனும் இருக்குமிடத்தில் தம் வாக்கு வேண்டா என்ற அடக்கம் அது. உபதேச ரத்தினமாலையில் பூர்வாசார்யர்களின் உரைவழி நில்லாது தம் மனம்போனபடி பொருள் சொல்வோரை அவர் கடிவதை, இச்செயலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தாம் நின்று காட்டிய இடத்தில் நின்றுகொண்டே கடிகிறார்.

பெரியவாச்சான் பிள்ளை அவதரித்த சேங்கனூர் திருவெள்ளியங்குடிக்கு அருகே மண்ணியாற்றின் கரையில் உள்ளது. சைவர்களும் அவ்வூரைச் சேய்ஞலூர் என்று சண்டேசுர நாயனாரின் ஊராகப் போற்றுவர். இவரைத் திருக்கண்ணமங்கைப் பெருமாளின் அவதாரமாக நம் பெரியோர் கொள்வதற்கு ஓர் அழகிய காரணம் உண்டு. திருமங்கையாழ்வார் கண்ணமங்கைப் பாசுரத்தில், தம் பாட்டின் பொருளைப் பெருமாளும் விரும்பினால் கற்றுக்கொள்ளலாம் என்ற கருத்துப்படப் பாடினார். அதற்கிசைந்து பெருமாள் ஆவணி ரோஹிணியில் பெரியவாச்சான் பிள்ளையாகவும், கலியன் கார்த்திகையில் கார்த்திகையன்று நம்பிள்ளையாகவும் அவதரித்தனர். எம்பெருமான் சிஷ்யனாக அமர்ந்து பொருள் கேட்டான் என்பர். ஸர்வஜ்ஞனுக்கே ஆசார்யமுகமாகக் கேட்பது வேண்டியிருந்தது என்னும்போது, பட்டியலை மட்டும் கையில் கொண்டு தனியே படித்து முடித்துவிடலாம் என்று எண்ணுகிற நம் நிலை என்ன?

பரிந்துரை பொல்லாததாகவும் இருக்கக்கூடும். வாதிகேஸரி ஜீயர் தம் பூர்வாச்ரமத்தில் பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்துவந்தார், எழுத்தறிவு இல்லை. வித்வான்கள் சிலர் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு என்ன க்ரந்தம் என்று கேட்டார். அவர்கள் முஸலகிஸலயம் என்றனர். உலக்கை துளிர்விட்டது என்று பொருள். அப்படியொரு நூலே இல்லை. இவருக்குப் படிப்பு வருவதும் உலக்கை துளிர்ப்பதும் ஒன்று என்பது ஏளனம். அவர் அதைப் பெரியவாச்சான் பிள்ளையிடம் விண்ணப்பிக்க, பிள்ளை அவரைப் படிக்கவைத்தார். கற்றுத் தேர்ந்தபின் அவர் அதே பெயரில் ஒரு நூல் இயற்றி அவ்வித்வான்களிடம் கொடுத்தார் என்பது வரலாறு. திருவாய்மொழிக்குப் பதம் பதமாகப் பொருள் சொல்லும் பன்னீராயிரப்படியை எழுதியவர் இவரே. எழுத்தறியாதிருந்தவர் என்பதால் அல்லவா, முதன்முதல் பாசுரத்தை அணுகுபவன் எந்தப் பதத்தில் தடுக்கி விழுவான் என்பது இவருக்குத் தெரிந்தது! இன்றைய பட்டியல்கள் பலவற்றில் தொடக்கநிலை வாசகனுக்குப் பன்னீராயிரப்படி சொல்லப்படுவதில்லை, ஈடு சொல்லப்படுகிறது. பெருமை உள்ள பெயரைச் சொல்லும் ஆசை அது. கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று பாராமல் சொல்லப்படும் நூற்பெயர், அது எத்தனை உயர்ந்த நூலாயினும், அவனளவில் முஸலகிஸலயமே.

கேட்பவனைப் பார்த்துச் சொன்ன பரிந்துரைக்கு நம் ஸம்ப்ரதாயத்துக்கு வெளியே, ஆனால் குடந்தையிலேயே, ஒரு சான்று உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ.வே. சாமிநாதையரிடம், அவ்வூருக்கு முன்ஸீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்கியது முதலியாரை அசைக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்ற அவர் கேள்வியே பின்னர்த் தமிழ்ப் பதிப்புலகைத் திருப்பிற்று. நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. நச்சினார்க்கினியர் உரையைக் கையில் வைத்திருந்தும் ஐயருக்கு ஜைன ஸங்கேதங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்து ஜைனர் இல்லங்களில் சிந்தாமணி பக்தியோடு பாராயணம் செய்யப்படுவதை அறிந்து, அவர்களிடம் கேட்டே பொருள் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. பிற மதத்து நூலைப் பதிப்பிக்க அம்மதத்தாரின் காலக்ஷேப மரபை நாடிச் சென்ற நேர்மை அது. திவ்யப்ரபந்தத்தைப் பற்றி நூல் எழுதுவோர் அனைவரிடமும் இந்நேர்மையை எதிர்பார்ப்பது மிகையாகாது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் சிலவற்றைப் பார்க்கலாம். தத்துவம் என்றால் ராதாகிருஷ்ணன், தாஸ்குப்தா என்ற இரு பெயர்கள் தவறாமல் வரும். தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாற்றின் மூன்றாம் தொகுதி 1940இல் வெளிவந்தது. ஆளவந்தார், எம்பெருமானார், பின்வந்த ஆசார்யர்கள் ஆகியோரின் வடமொழி நூல்களைத் தேடித் திரட்டிய உழைப்பு பெரிது. ஆயினும் அதில் ஆழ்வார்களுக்குக் கிடைப்பது ஒரு சிறு அத்தியாயம். அதைப் படிப்பவருக்குத் தமிழ்ப் பகுதி தத்துவத்துக்கு முன்னுரை என்றே தோன்றும். உபய வேதாந்தம் என்ற சொல்லின் பொருளே அங்கு மறைந்துபோகிறது. இத்தொகுதியைக் கொடுப்பவர் கே.கே.ஏ. வேங்கடாசாரியார் 1978இல் வெளியிட்ட மணிப்ரவாள இலக்கியம் பற்றிய ஆங்கில ஆய்வையும் உடன் கொடுக்க வேண்டும்.

திருவாய்மொழிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பு.ரா. புருஷோத்தம நாயுடு அவர்களின் ஈட்டின் தமிழாக்கம் தனிமனிதர் ஒருவரின் உழைப்பு என்று நம்புவதே கடினம். மணிப்ரவாளம் அறியாத தமிழ்ப்புலவர் உலகுக்கு நம்பிள்ளையைக் கொண்டுசென்றது அந்நூல். அதன் பயனைக் குறைத்துப் பேசுவோர் அதைப் படியாதவர்கள். ஆனால் ஈட்டுக்கு மாற்றாக அதைப் பரிந்துரைப்பதில் அடியேனுக்கு உடன்பாடில்லை. மணிப்ரவாளத்தைத் தமிழாக்கும் எவருக்கும் நேரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஸௌலப்யம் என்பதை எளிமை என்று சொன்னால் பொருள் ஓரளவு வந்துவிடுகிறது. எனினும் தமிழில் எளிமை வறுமையையும் குறிக்கும், ஆடம்பரமின்மையையும் குறிக்கும். ஸௌலப்யம் என்பது எட்டாதவன் எட்டும்படி வந்து நிற்பது. பரத்வம் பின்னே நின்றாலன்றி அச்சொல்லுக்கு உயிரில்லை. அன்றியும் ஈடு எழுதப்பட்ட உரை அன்று, பேசப்பட்ட உரை. பட்டர் இப்படி அருளிச்செய்தார், நஞ்சீயர் இப்படிக் கேட்டார் என்று ஒரு கோஷ்டியே அதில் உட்கார்ந்திருக்கிறது. திருத்தமான உரைநடையில் அக்கோஷ்டியின் குரல் சற்று அடங்கிவிடுகிறது. ஆகவே அத்தமிழாக்கத்தை மூலத்தின் வாயிலில் நிற்கும் படியாகக் கொள்ள வேண்டும், படியிலேயே அமர்ந்துவிடலாகாது. மூலத்துக்குத் திருச்சி புத்தூர் எஸ். கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் ஸ்வாமியின் பதிப்புகள் இருக்கின்றன. காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் ஸ்வாமியின் திவ்யார்த்த தீபிகை நாலாயிரம் முழுவதற்கும் பொருள் சொல்வது. முதலில் கையில் கொடுக்க வேண்டியது எதுவென்று ஒருவர் வற்புறுத்திக் கேட்டால் அடியேன் இதையே சொல்வேன். உத்தமூர் வீரராகவாசாரியார் ஸ்வாமியின் ப்ரபந்த ரக்ஷையையும் கலைபேதம் பாராமல் அருகில் வைத்துக்கொள்வது நன்று. இரு உரைகள் வேறுபடும் இடத்தில்தான் பாசுரத்தின் ஆழம் தென்படும்.

மேல்நாட்டார் ஆய்வுகளைப் பற்றி நம்மவரிடையே இரு மனநிலைகள். முற்றிலும் ஒதுக்குவது ஒன்று. வெள்ளைக்காரர் சொன்னாரென்று தலைமேல் வைப்பது மற்றொன்று. ஃப்ரீட்ஹெல்ம் ஹார்டியின் விரஹ பக்தி பற்றிய நூல் 1983இல் வந்தது. சங்க இலக்கியத்திலிருந்து ஆழ்வார் வரையிலான தொடர்ச்சியை விரிவாகக் காட்டும் அரிய நூல். ஆனால் ஆழ்வாரை ஆசார்யர் உரையிலிருந்து பிரித்தெடுத்துப் பார்க்க முயல்வது. ஏ.கே. ராமானுஜனின் 1981ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு கவிதையாக உயர்ந்தது. உரைமரபைத் தேடி அதனிடம் செல்லலாகாது. ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் சேர்ந்து 1989இல் வெளியிட்ட நூல் ஆறாயிரப்படியையே மையமாக எடுத்துக்கொண்டது. ஃப்ரான்சிஸ் க்ளூனி என்ற ஏசுசபைத் துறவி 1996இல் எழுதிய நூல் வ்யாக்யானங்களின் வழியே திருவாய்மொழியைப் படிக்க முற்படுகிறது. ஆழ்வாரை நேரே படித்துவிடுகிறேன் என்பவரைவிட, பூர்வாசார்யர்கள் காட்டக் காண்கிறேன் என்னும் பிறமதத்தார் நம் வழிக்கு அணுக்கமானவர் என்பதே அடியேன் துணிபு. இதை ஏற்காதவர்கள் இருக்கலாம்.

கலைநூல்களில் நம் பட்டியல்கள் மிகவும் வறண்டவை. பரதநாட்டியம் பற்றி இரண்டு, கர்நாடக ஸங்கீதம் பற்றி இரண்டு என்று நின்றுவிடும். நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் திவ்யப்ரபந்தத்தை இசையோடு கற்பித்ததிலிருந்து வளர்ந்த அரையர் ஸேவை, கலையே வ்யாக்யானமாக நிற்கும் இடம். அரையர் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, தம்பிரான்படி என்ற உரையையும் சொல்வர். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய தலங்களில் அது நடைபெறுகிறது. அது பிறந்த காவிரிநாட்டின் கீழ்ப்பகுதியில் இன்று அதைக் காண முடியாதது நெஞ்சை உறுத்துவது.

தஞ்சைக்கே உரிய கலைநூல்கள் என்றால், நாயக்கர் காலத்தில் வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டி ப்ரகாசிகையையும், 1917இல் தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. முன்னது 72 மேளங்களின் வகுப்புக்கு அடி கோலியது. பின்னது தமிழிசையின் சுருதிக் கணக்கை நிறுவப் போராடுவது. விஜயராகவ நாயக்கர் மன்னார்குடி ராஜகோபாலனுக்கு ஆட்பட்டிருந்ததும், அவர் அவையில் தெலுங்கு யக்ஷகானங்கள் மலர்ந்ததும் நம் வாசகர் பலர் அறியாதவை. இக்காலத்தைப் பற்றி வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 1992இல் எழுதிய ஆங்கில நூல் செறிவானது. அரசனும் தெய்வமும் போகத்தில் ஒன்றாகும் அரசவையை அது திறம்படக் காட்டுகிறது. கோயிலில் நின்று ராஜகோபாலனை ஸேவித்தவனின் உள்ளத்தைக் காட்ட அது முற்படவில்லை. அதை அறிந்து படித்தால் தீங்கில்லை. மேலட்டூரில் ந்ருஸிம்ஹ ஜயந்தியை ஒட்டி நடைபெறும் ப்ரஹ்லாத சரித்திர பாகவத மேளாவை ஒருமுறை கண்டுவிட்டுப் படித்தால் இன்னும் நன்று.

படிக்கத் தொடங்கும் அன்பர் ஒருவருக்கு அடியேன் நூற்பட்டியல் தருவதாயின் அது ஒரே ஒரு பதிகமாக இருக்கும்: நாதமுனிகளைத் தேடவைத்த அதே குடந்தைத் திருவாய்மொழி, ஐந்தாம் பத்தில் எட்டாவது. கிடந்த திருக்கோலத்திலிருந்து எழுந்து தம்மோடு பேசாத பெருமாளிடம் ஆழ்வார் ஆற்றாது கதறும் பதிகம். முதல் நாள் பாசுரங்களை வாய்விட்டுச் சேவிப்பது. அடுத்து திவ்யார்த்த தீபிகை. அதன்பின் பதம் பதமாகப் பன்னீராயிரப்படி. பிறகு நாயுடு அவர்களின் தமிழாக்கம். இவ்வளவும் வீட்டில் தனியே செய்யக்கூடியவை. ஈட்டுக்கு வரும்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பொருள் சொல்ல வல்ல ஒரு ஸ்வாமியின் திருமாளிகைக்குச் செல்ல வேண்டும். அத்தகையோர் குறைந்திருக்கிறார்களே தவிர, இல்லாமற்போகவில்லை. பத்துப் பாசுரங்களையும் கேட்டு முடித்தபின், ஆயிரத்தில் மற்றவை எங்கே என்ற கேள்வி அவருக்குத் தானே எழுமானால் அடுத்த நூலின் பெயரை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிராது.